சவரக்கத்தியும் சேஃப்டி ரேசரும்: ஒரே முகத்தில் இரண்டுக்கும் வேலை

சவரக்கத்தி வாங்கிய உற்சாகத்தில் முதல் நாளே முகம் முழுவதையும் அதனால் வழிக்கப் பார்ப்பவர்கள் பலர், சில வாரங்களில் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். கன்னத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிய கத்தி மோவாய்க்கு வந்ததும் சிக்குகிறது, குரல்வளை மேட்டில் கீறுகிறது, இடப்பக்கம் போகும்போது கை தடுமாறுகிறது. சேஃப்டி ரேசர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. நான்கு நாள் தாடி என்றால் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேசரின் இடுக்கு முடியும் நுரையுமாக அடைத்துக்கொள்ளும். மீசையின் ஓரத்தை நினைத்த இடத்தில் எடுக்க வராது. ஒரே சவரத்தில் இரண்டு கருவிகளுக்கும் வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் இரு பக்கத் தொல்லையும் தீரும். முதல் சுற்று சவரக்கத்தி, இரண்டாவது சுற்று ரேசர். கத்தி பழகும் காலத்துக்கு மட்டுமான ஏற்பாடு என்று இதை எண்ண வேண்டாம். கத்தி நன்றாகக் கைவந்த பிறகும் இப்படியே தொடர்வது நல்லது என்பதற்குக் காரணம் இரண்டு கருவிகளின் அமைப்பிலேயே இருக்கிறது.

எந்த வேலைக்கு எது

சவரக்கத்தியின் கூர், நுனி முதல் அடி வரை கண்ணுக்குத் தெரியும். அதைச் சுற்றிக் கூண்டு கிடையாது என்பதால் அடைத்துக்கொள்ள இடமே இல்லை. ஒரு வார வளர்த்தியாக இருந்தாலும் ஒரே இழுப்பில் கன்னத்தின் பாதியை வழித்துவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த இழுப்புக்குப் போகலாம். கிருதாவின் கீழ்க்கோடு, மீசையின் ஓரம், தாடி வைத்திருப்பவர்களின் கன்னக் கோடு எல்லாவற்றிலும் கத்தியை முடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே வைத்து இறக்கலாம். ரேசரில் பிளேடின் வாயை மேல்மூடி மறைக்கிறது. கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகுவது சாதாரணம். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிசகு வலப்பக்கம் ஒரு அகலம், இடப்பக்கம் ஒரு அகலம் என்று கண்ணாடியில் அப்படியே தெரியும்.

வளைவுகளில் நிலைமை மாறுகிறது. மோவாய், தாடை எலும்பின் மூலை, கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழி ஆகிய இடங்களில் 7 சென்டிமீட்டர் நீளமான நேர் கூர் ஒரு புள்ளியில்தான் தோலைத் தொடும். அந்த ஒரு புள்ளியில் கையின் எடை முழுவதும் இறங்கும். சேஃப்டி ரேசரின் பிளேடு ஏறத்தாழ 4.3 சென்டிமீட்டர்தான், பிளேடின் வாய்க்கு அடியில் உள்ள உலோக விளிம்பான தாங்குபட்டை தோலை முன்னால் தட்டையாக்கிக்கொண்டே போகும். முடி வளரும் திசைக்கு எதிராக இழுக்க வேண்டிய கடைசிச் சுற்றில் இந்தத் தாங்குபட்டையின் பாதுகாப்புதான் பெரிய வித்தியாசம். கத்தியால் எதிர்த்திசையில் இழுப்பதைக் குறைந்தது மூன்று மாதப் பழக்கத்துக்கு முன் முயலவே வேண்டாம். அதன் பிறகும், ரேசர் அதே வேலையைக் குறைந்த ஆபத்தில் செய்யும்போது கத்தியை வற்புறுத்த அவசியம் இல்லை.

பங்கு போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நீண்ட முடியை அறுக்கும் பாரமான வேலையைக் கத்தி முடித்துவிடுவதால் ரேசர் பிளேடு மெதுவாகத்தான் மழுங்கும். மூன்று நான்கு சவரத்தில் தூக்கிப்போடும் பிளேடு இன்னும் ஓரிரண்டு சவரத்துக்குத் தாராளமாக வரும்.

கருவிகளைத் தேர்ந்தெடுப்பது

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகளாகக் கணக்கிடுவது வழக்கம். 5/8 என்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19 மில்லிமீட்டர். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். 4/8 கத்தி ஒடுங்கியது, நுரை சீக்கிரம் வழிந்து பிடிக்கு வந்துவிடும். 7/8, 8/8 கத்திகள் கனமானவை. மூக்குக்கடியில் திருப்பக் கஷ்டம். நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி மீசைக் கோட்டுக்கு மிக நன்று, ஆனால் பழகாத கையில் காது மடலையும் உதட்டோரத்தையும் குத்தும். இரு பக்கமும் உள்வாங்கிக் குடைந்த கத்தி லேசானது, தீட்டச் சுலபம். ஆப்பு போன்ற தடித்த கத்தி முரட்டு முடிக்கு ஏற்றது, ஆனால் கல்லில் நேரம் பிடிக்கும். ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய ஊர்களின் பெயர் பொறித்த பழைய கத்திகள் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்குமுன் கூரில் பல் விழுந்திருக்கிறதா, முதுகு ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, கூருக்கு அருகே துருப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகில் உள்ள துரு அழகைத்தான் கெடுக்கும். கூரில் உள்ள துரு கத்தியையே கெடுக்கும்.

புதுக் கத்தி கடையிலிருந்து வந்ததும் சவரத்துக்குத் தயார் என்று நம்பிவிடக் கூடாது. பல புதுக் கத்திகள் ஆலையில் பெற்ற கூரோடு மட்டுமே வருகின்றன. அது காகிதத்தை அறுக்கும், தாடியைப் பிடுங்கும். விற்பவரிடம் ‘சவரத்துக்குத் தயாராகச் சாணை பிடித்ததா’ என்று கேட்டே வாங்க வேண்டும்.

முடிதிருத்தும் கடைகளில் இன்று பார்க்கும் கத்தி பெரும்பாலும் பாதி பிளேடு செருகும் வகை. சாணை, கத்தி தீட்டும் தோல் பட்டை எதுவும் தேவையில்லை என்பது அதன் வசதி. ஆனால் அந்தப் பிளேடு சவரக்கத்தியின் கூரைவிட மன்னிக்காத குணம் கொண்டது; அதிலும் ஒடித்த பிளேடின் இரு மூலைகளும் தோலில் கோடு போடும். கை லேசாக இருக்கக் கற்றுக்கொள்ள அது கண்டிப்பான ஆசான். கத்தியோடு வாழப்போகிறோம் என்று முடிவு செய்தவர்கள் நேரடியாக அசல் கத்தியில் தொடங்குவதே மேல்.

ரேசரைப் பொறுத்தவரை, மூடி, தட்டு, பிடி என்று மூன்றாகக் கழலும் உலோக ரேசர்தான் சுத்தம் செய்யச் சுலபம். பிடியின் அடியைத் திருகினால் இரு கதவுகளாகத் திறக்கும் வகையில் உள்ளே சோப்பு தங்கும். சீப்புப் பல் போன்ற தாங்குபட்டை உள்ளவை நீண்ட முடிக்கானவை. அந்த வேலையைக் கத்தி எடுத்துக்கொள்வதால் நமக்கு நேரான தாங்குபட்டை போதும். ம்யூலே ஆர்89 போன்ற மிதமான ரேசர்கள் இதற்குச் சரியான துணை. ஃபெதர் போன்ற மிகக் கூரான பிளேடோடு தொடங்க வேண்டாம். இங்கே எளிதில் கிடைக்கும் 7 ஓ’கிளாக் போன்ற பிளேடுகள் இரண்டாவது சுற்றுக்குத் தாராளம்.

இந்த இரண்டு கருவிகளும் எதிரிகளாகப் பிறந்தவை அல்ல. 1880இல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ரேசரில் இருந்தது சவரக்கத்தியிலிருந்து வெட்டியெடுத்தது போன்ற ஒரு தடித்த துண்டுதான். அதையும் பட்டையில் தீட்டித்தான் ஆக வேண்டும். தூக்கியெறியும் மெல்லிய பிளேடைக் கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். பட்டைக்கு விடை கொடுத்தது அந்த மெல்லிய பிளேடுதான்.

தோல் பட்டை

கத்திச் சவரம் கெட்டுப்போகிறது என்றால் பத்தில் எட்டு தடவை காரணம் பட்டையில் இருக்கும், முகத்தில் இருக்காது. அதனால் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சவரக்கத்தியின் கூர் மிக மெல்லியது. ஒவ்வொரு சவரத்திலும் அது நுண்ணளவில் மடங்கும். பட்டை அந்த மடிப்பை நிமிர்த்தி நேராக்குகிறது. உலோகத்தை அதிகம் தேய்ப்பதில்லை. ஒருபக்கம் துணியும் மறுபக்கம் தோலும் உள்ள, மூன்று அங்குல அகலப் பட்டை வாங்கினால் கத்தியின் முழு நீளமும் ஒரே நேரத்தில் படியும். ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பட்டை தொய்ந்தால் கூர் உருண்டுவிடும்.

கத்தியைப் பட்டையில் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். முதுகும் கூரும் இரண்டுமே தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போக, கூர் பின்னால் இழுபட வேண்டும். கோடியை அடைந்ததும் முதுகைப் பட்டையிலிருந்து எடுக்காமல், கத்தியை முதுகின் மேலேயே உருட்டித் திருப்பி, அதே வழியில் திரும்ப வேண்டும். கூரைத் தூக்குவதற்கு முன்னால் கை நகர்ந்தால் தோல் அறுபடும், கத்தியும் மழுங்கும். முதலில் துணியில் 20 முறை போய்வர வேண்டும், பிறகு தோலில் 50 முறை. கத்தியின் எடை மட்டும் போதும், அழுத்தம் வேண்டாம். வேகம் என்பது தானாக வர வேண்டிய ஒன்று; சலூனில் சடசடவென்று தீட்டுவதைப் பார்த்து அதேபோலச் செய்யப் போனால் முதல் வாரத்திலேயே பட்டையில் நான்கைந்து வெட்டு விழும். முதல் பத்து நாள் ஒரு போய்வரவுக்கு மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளலாம்.

பதம் பார்க்க விரல் நுனியைப் பயன்படுத்தக் கூடாது. முழங்கை முடியின் மேல், தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியை ஓட்டிப் பாருங்கள். முடி சத்தமின்றி அறுந்து விழுந்தால் கூர் சரி. ஓரிடத்தில் அறுத்து ஓரிடத்தில் தாண்டினால், தாண்டும் பகுதி பட்டையில் படியவில்லை என்று பொருள்.

நல்ல பட்டைப் பழக்கம் இருந்தால் கத்தி மாதக்கணக்கில் கல் கேட்காது. தீட்டியும் முடியைப் பிடுங்கத் தொடங்கினால், குரோமியம் ஆக்சைடு என்னும் 0.5 மைக்ரான் பச்சைப் பசை பூசிய தனித் துணிப்பட்டையில் பத்து முறை போய்வந்து, பிறகு சுத்தமான தோலில் தீட்டலாம். பசையை வழக்கமான தோல் பட்டையில் பூசிவிடக் கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் கல்தான். எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்: கூரின் சரிவை ஒழுங்காக்க 1000 எண் கல், பிறகு 4000, 8000, மெருகுக்கு 12000. கல்லில் திசை தலைகீழ்: கூர் முன்னால் போகும். முதுகும் கல்லைத் தொட்டே இருக்க வேண்டும், ஏனென்றால் முதுகின் தடிமன்தான் கூரின் கோணத்தை நிர்ணயிக்கிறது. கத்தரிக்கோல், அரிவாள் சாணை பிடிக்கும் சக்கரத்தில் சவரக்கத்தியைக் கொடுத்தால் அந்தச் சூட்டிலேயே எஃகின் பதம் போய்விடும். அப்புறம் எந்தக் கல்லும் அதை மீட்காது. முதல் வருடம் கல் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.

தண்ணீரும் நுரையும்

தாடி முடி தண்ணீரில் ஊறினால் அறுக்க மிகச் சுலபமாகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்த உடனே சவரம் செய்வது சிறந்தது. இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு வைக்கலாம்.

பிரஷ் பன்றி முடியாக இருந்தால் இரண்டு நிமிடம் தண்ணீரில் ஊறட்டும். செயற்கை முடிக்கு ஊறல் தேவையில்லை. பாதாம் பருப்பளவு கிரீமை ஒரு கிண்ணத்தில் வைத்து, பிரஷை இரண்டு முறை உதறிவிட்டு, ஒரு நிமிடம் சுற்ற வேண்டும். அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நுரையில் பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, கிரீம் சேருங்கள். பஞ்சுபோல உலர்ந்து நின்றால் தண்ணீர் போதவில்லை. தயிர்ப் பதத்தில், பளபளப்பாக, பிரஷைத் தூக்கினால் வளைந்து நிற்கும் நுரை சரியானது. கத்திச் சுற்றுக்கு இதில் இன்னும் கொஞ்சம் நீர்ப்பதம் இருக்கட்டும்: கத்திக்கு வேண்டியது வழுக்கல், மெத்தை அல்ல. கனமாக அப்பிய நுரையில் தோலும் தெரியாது, கத்தி படும் இடமும் தெரியாது.

நம் ஊர்களில் இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது உப்பேறிய போர்த் தண்ணீர். அதில் சோப்பு திரிந்து போகும், நுரை எழும்பாது. நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டாவது மின்விசிறி. ஓடும் விசிறிக்கடியில் நுரை இரண்டு மூன்று நிமிடத்திலேயே காய்ந்துவிடுகிறது. விசிறியை நிறுத்துங்கள், அல்லது வழிக்கப்போகும் பக்கத்துக்கு மட்டும் அவ்வப்போது நுரை போடுங்கள்.

முடியோட்டம்

சவரத்துக்கு முன்னால், இரண்டு நாள் வளர்த்தி இருக்கும்போது விரல் நுனியால் முகத்தை நாலாபக்கமும் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகத் தெரியும் திசையே முடியோட்டம். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் மாறும். கீழிருந்து மேலாகவும், குரல்வளையின் இருபுறமும் சுழியாகவும் இருக்கும். ஒரு காகிதத்தில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். கழுத்து எரிச்சலில் பெரும்பங்கை அதுவே தீர்த்துவிடும்.

முதல் சுற்று: கத்தி

கத்தியைப் பிடிப்பதில் மூன்று விரல்கள், அதாவது ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள், கூருக்கும் பிடிக்கும் நடுவே உள்ள கழுத்தின் மேல் இருக்கும். சுண்டுவிரல் கழுத்தின் கோடியில் வளைந்து நிற்கும் வாலில் படியும். கட்டைவிரல் கழுத்தின் கீழ்ப்பக்கம், கூரின் அடிக்குச் சற்றுத் தள்ளித் தாங்கும். கைப்பிடி மேல்நோக்கி விரிந்து நிற்கும். முட்டியை இறுக்கினால் உணர்வு போய்விடும்.

முதல் இழுப்பு வலக்கன்னத்தில், கிருதாவுக்குக் கீழே. இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து கிருதாவுக்கு மேலுள்ள தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கத்திச் சவரத்தில் பாதி வேலை இந்த இடக்கையுடையது. தோல் தளர்ந்திருந்தால் கத்திக்கு முன்னால் அது மடிப்பாக எழும். அந்த மடிப்பைத்தான் கத்தி வெட்டும். விரல் நழுவினால் உலர்ந்த விரல் நுனிகளை ஈரப் படிகாரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். பிடி கிடைக்கும்.

கத்தியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிறகு முதுகை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமன் அளவு, அல்லது சற்றே கூடுதல் இடைவெளி வந்தால் கோணம் ஏறத்தாழ 30 பாகை. அதே கோணத்தில், கூருக்கு நேர் செங்குத்தாகக் கீழே இழுக்க வேண்டும். மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தோலைப் புதிதாகப் பிடித்துக்கொள்ளலாம். கத்தி எந்த நிலையிலும் தன் நீளவாக்கில் பக்கவாட்டில் நகரக் கூடாது. தோலில் நீளமான வெட்டு விழுவது இந்த ஒரு அசைவால்தான்.

இழுப்பு முடிந்ததும் ஒட்டிய நுரையை ஈரத்துணியில் துடைக்கலாம். துடைப்பது முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டும். எதிர்ப்புறமாகத் துடைத்தால் துணியும் விரலும் சேர்ந்து அறுபடும். குழாயடியில் கழுவும்போது கத்தி குழாயில் இடித்தால் கூரில் பல் விழும். கை நழுவிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாமல் பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

கத்தி வழிக்கும் பரப்பு இவ்வளவுதான்: இரு கன்னங்கள், தாடைக்கு மேலுள்ள தட்டையான பகுதி, கழுத்தின் இரு பக்கங்கள், கிருதா, மீசைக் கோடுகள். எல்லாம் முடியோட்டத்தின் போக்கில். குரல்வளை மேட்டைக் கத்தியால் எடுக்க விரும்பினால், அங்குள்ள தோலை ஒரு பக்கமாக, கழுத்தின் தட்டையான பகுதிக்கு இழுத்துவைத்து அங்கே வழிக்கலாம். மேட்டின் மேலேயே கத்தியை ஏற்றக் கூடாது.

இடக்கன்னத்துக்கு இரண்டு வழி. வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகலாம். கைப்பிடி பார்வையை மறைக்கும். இடக்கையில் கத்தியை எடுப்பது நீண்டகாலத்துக்கு நல்லது. அதற்குச் சுலபமான பயிற்சி, சில வாரங்களுக்கு இடக்கன்னத்தை இடக்கையால் சேஃப்டி ரேசரில் வழிப்பது. கோணமும் லேசான தொடுகையும் இடக்கைக்குப் பிடிபட்ட பிறகு கத்தியைக் கொடுக்கலாம்.

இரண்டாவது சுற்று: ரேசர்

முகத்தைக் கழுவி, மறுபடி நுரை போடுங்கள். கிண்ணத்தில் மிச்சமிருப்பதே போதும். பிளேடை எப்போதும் அதன் குறுகிய இரு ஓரங்களில் பிடித்தே மாட்ட வேண்டும். மாட்டிய பின் ரேசரை நேருக்கு நேர் பார்த்து, இருபக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று சரிபாருங்கள். ஒருபக்கம் கூடுதலாக நின்றால் பிடியை அரைச்சுற்றுத் தளர்த்தி, மூடியைத் தட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டே மறுபடி முறுக்குங்கள். ‘இந்த ரேசர் ஒருபக்கம் மட்டும் வெட்டுகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூடியைக் கன்னத்தில் வைத்து, பிடியை மெதுவாகக் கீழே தாழ்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிளேடு முடியை அறுக்கும் சத்தம் கேட்கும். அந்தக் கோணத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுப்புகள், ரேசரின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் இல்லை. கத்தியிலிருந்து ரேசருக்கு மாறும் நொடியில் கை ஏமாறும்: தாங்குபட்டை இருக்கிறதே என்று அழுத்தத் தோன்றும். ஏற்கெனவே ஒருமுறை வழித்த தோல் அது, அழுத்தினால் மேல்தோலும் சேர்ந்து போகும்.

கத்தி தொடாத மோவாய், உதட்டின் கீழ்க்குழி, தாடை மூலை, மூக்குக்கடி ஆகியவற்றை முதலில் முடியோட்டத்தின் போக்கில் எடுங்கள். பிறகு கன்னங்களைக் குறுக்காக, அதாவது காதிலிருந்து மூக்கை நோக்கி எடுக்கலாம். இதோடு நிறுத்தினாலே அலுவலகத்துக்குப் போகும் முகம் தயார். முழு வழுவழுப்பு வேண்டுமென்றால் மூன்றாவது முறை நுரை போட்டு, கன்னத்தில் மட்டும் எதிர்த்திசையில் ஒரு சுற்று.

சுருட்டை முடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வழித்த இரண்டாம் மூன்றாம் நாள் கழுத்தில் பருபோலத் தடித்தால், அறுந்த முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிறது என்று அர்த்தம். தோலை இழுத்துப் பிடித்து வழிப்பதும் எதிர்த்திசைச் சவரமும் அதைக் கூட்டும். இவர்கள் கழுத்தில் கத்தியைத் தவிர்த்து, தோலை இழுக்காமல், ரேசரால் முடியோட்டத்தின் போக்கில் ஒரே சுற்றோடு விட்டுவிட வேண்டும்.

எங்கே பிழைக்கிறது

கத்தி முடியைப் பிடுங்கினால் முதலில் நுரை காய்ந்திருக்கிறதா பாருங்கள், அடுத்து கோணம். முதுகு தோலோடு மிக ஒட்டியிருந்தால் கூர் முடியை அறுக்காமல் தடவி இழுக்கும். இரண்டும் சரியென்றால் பட்டை. எரிச்சல் மட்டும் இருந்து வெட்டு எதுவும் இல்லையென்றால் கோணம் கூடிவிட்டது. கத்தி தோலைச் சுரண்டியிருக்கிறது. சிறு சிறு ரத்தப் புள்ளிகள் ரேசர் சுற்றில்தான் அதிகம் வரும். காரணம் அழுத்தம், அல்லது நுரையில்லாத இடத்தில் இன்னொரு இழுப்பு. காது மடலில் வெட்டு விழுந்தால், கண்ணாடியில் கத்தியின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு அடிப்பகுதியை மறந்துவிட்டீர்கள்.

சிறு வெட்டுக்கு, முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு ஈரப் படிகாரக் கட்டியை அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டியே போதும். ஒரு நிமிடம் விட்டு முகத்தைக் கழுவிவிடுங்கள். படிகாரம் பட்ட கையைக் கழுவாமல் கத்தியை எடுக்கக் கூடாது. அந்த உப்பு எஃகை அரிக்கும். ஆழமான வெட்டென்றால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கை நடுக்கம் உள்ளவர்களும் கத்தியை விட்டுவிட்டு ரேசரோடு நிறுத்திக்கொள்ளட்டும். முகப்பரு வெடித்திருக்கும் நாளில் யாருக்கும் கத்தி வேண்டாம். கத்தியோ பிளேடோ, இன்னொருவருடையதை வாங்கிப் பயன்படுத்துவது வேண்டவே வேண்டாம். ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகள் ரத்தத்தின் வழியே பரவுபவை.

பழகும் வரிசை

முதல் இரண்டு வாரம் வலக்கன்னம் மட்டும் கத்தி, மற்றதெல்லாம் ரேசர். அடுத்த இரண்டு வாரம் இடக்கன்னமும் கிருதாக்களும். இரண்டாவது மாதம் கழுத்தின் பக்கங்கள். மீசைக் கோட்டைக் கன்னங்கள் கைவந்த பிறகு தொடுங்கள். எந்த நாளிலாவது கை தடுமாறினால் அங்கேயே கத்தியை மடித்துவிட்டு ரேசரால் முடிப்பதில் குறைவில்லை. அவசரக் காலை நேரத்தில் கத்தியை எடுக்காதீர்கள். வேலைநாளில் ரேசர் மட்டும், ஞாயிற்றுக்கிழமையில் இரண்டும் என்று வைத்துக்கொண்டால் கத்திக்கு நீண்ட முடியும் கிடைக்கும், உங்களுக்கு நேரமும் கிடைக்கும்.

சவரத்துக்குப் பிறகு

கார்பன் எஃகுக் கத்திக்குப் பெரும்பகை ஈரம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஒரே இரவில் கூரில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். கழுவியதும் மெல்லிய தாளால் முதுகிலிருந்து கூருக்குத் துடைத்து, துணிப்பட்டையில் பத்து முறை போய்வந்து, கால்மணி நேரம் குளியலறைக்கு வெளியே திறந்து வையுங்கள். பிறகு ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெயோ மருந்துக் கடை லிக்விட் பாரஃபினோ தடவ வேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும். கைப்பிடிக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரமும் கொம்பும் ஊறினால் கோணும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பா நல்லது. பழைய கத்திகளில் செல்லுலாய்டு கைப்பிடி சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் வாயுவே கத்தியை அரிக்கும். கைப்பிடியை மாற்றிவிட வேண்டும்.

ரேசரை ஒவ்வொரு முறையும் கழுவி உதறினால் போதும். பிளேடின் கூரைத் துணியால் துடைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூன்றாகக் கழற்றிப் பழைய பல்துலக்கியும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு தேய்த்துவிடுங்கள். விலை குறைந்த ரேசர்களின் தலை துத்தநாகக் கலவை வார்ப்பு. கீழே போட்டாலோ அளவுக்கு மீறி முறுக்கினாலோ திருகு ஒடியும்.

தீர்ந்த பிளேடுகளுக்கு மூடியில் ஒரு கீறல் போட்ட தகர டப்பா வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, தனியாகத் தூய்மைப் பணியாளரின் கையில் சொல்லிக் கொடுங்கள். குப்பைக் கூடையில் வெறுமனே போட்ட பிளேடு, கையுறையில்லாமல் அதைப் பிரிப்பவரின் விரலில்தான் போய்ச் சேரும்.